ஒரு விரல் நீளத் திரி

முத்துக்கருப்பன் போர்மேனாக இருந்த பட்டாசு ஆலை, நாரணாபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது. சின்னச் சின்ன ரூம்கள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. நடுவில் வேப்பமரமும் வெயிலும்தான். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அதைச் சுவரில் பெயிண்ட்டால் எழுதிவைத்துவிட்டு மறந்துபோகிற ஆலைகள் உண்டு. முத்துக்கருப்பன் மறக்கிற ஆள் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ரூம் ரூமாக நடந்து தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார்.

அன்று காலை மூன்றாவது ரூமில் ஐந்து பேர் இருந்தார்கள். மாரிச்செல்விக்கு அவளுடைய ரூமில் வேலைக்குச் சரக்கு வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குழாய்க்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரி தாயி. வெளிய வா."

"பத்து நிமிசம்ணே. கையில இருக்கிறத முடிச்சிட்டு எந்திரிச்சிர்றேன்."

"மொதல்ல வெளிய வா."

மாரிச்செல்வி எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. "நாலு பேரு உக்காந்தா வெடிக்காது, அஞ்சு பேரு உக்காந்தா வெடிச்சிருமாக்கும். இது என்ன கணக்குண்ணே?"

"வெடிச்சா நாலு பேரோட போகும். அதான் கணக்கு."

அவள் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் கேட்டிலிருந்து வாட்ச்மேன் வேகமாக வந்தார். ஆலைக்குள் யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது. எல்லார் போனும் கேட்டில்தான் கிடக்கும். முத்துக்கருப்பனின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

போனில் அன்பரசன். திருத்தங்கலில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவன், முப்பது வயதிருக்கும். ரத்தம் வேண்டியவர்களையும் கொடுக்கிறவர்களையும் சேர்த்துவைக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்பை நடத்திக்கொண்டிருந்தான். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு முகாமில் முத்துக்கருப்பன் ரத்தம் கொடுத்தபோதுதான் அது சாதாரண ரத்தம் இல்லை என்று தெரியவந்தது. பார்க்க 'ஓ' மாதிரி இருக்கும். ஆனால் 'ஓ' ரத்தத்தோடும் சேராது. பாம்பே குரூப் என்றார்கள். லட்சம் பேரில் ஏதோ சிலருக்குத்தான் இருக்குமாம். அன்றிலிருந்து அவருடைய நம்பரை அன்பரசன் தனியாகக் குறித்துவைத்திருந்தான்.

"அண்ணே, ஐதராபாத்துல ஒரு பொண்ணு. பிரசவத்துல ரத்தம் நிக்கலையாம். உங்க குரூப்தான். அங்க இருந்த ஒரே பாட்டிலும் ஏத்தியாச்சாம். விஜயவாடால ஒருத்தர் இருக்காரு, அவருக்கு மஞ்சக்காமாலை. மதியம் ஒரு ப்ளைட் இருக்கு. நீங்க வருவீகளா?"

"ப்ளைட்லயா?"

"டிக்கெட் அவுகளே போட்டுட்டாக. உங்க ஆதார் நம்பர்தான் என்கிட்ட இருக்கே. நான் காரோட உங்க வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கேன்."

முத்துக்கருப்பன் இதுவரை விமானத்தைக் கழுத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். யோசிக்கவெல்லாம் இல்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தலையோடு குளித்தார். கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மனைவி அழகுமீனா ஒரு வேட்டி, சட்டை, துண்டு, எலுமிச்சம்பழச் சாதம் எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். வீட்டில் இருந்ததிலேயே கிழியாத பை, அவர் வேலைக்குக் கொண்டுபோகிற கறுப்புப் பைதான். அழுக்கு லுங்கியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பையை உதறி அதற்குள் எல்லாவற்றையும் வைத்தாள்.

"சீக்குக்காரப் பொண்ணுக்குப் புள்ள என்ன புள்ளையாம்?"

"அதெல்லாம் கேக்கல."

"கேட்டுட்டு வாங்க" என்றாள் அழகுமீனா.

*

விருதுநகரைத் தாண்டும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து அன்பரசனுக்குப் போன். அங்கிருந்த டாக்டர் ஒருவருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. ரத்தப்போக்கை மருந்து கொடுத்து மட்டுப்படுத்தியிருக்கிறார்கள், நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் ரத்தம் வந்துவிட்டால் நல்லது என்றார். கள்ளிக்குடி, திருமங்கலம் என்று ஊர்கள் பின்னால் போயின. முத்துக்கருப்பன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரை ஏர்போர்ட் வாசலில் அன்பரசன் பையை எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டான். போனில் இருந்த போர்டிங் பாஸை எங்கே காட்ட வேண்டும், எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். "பெல்ட்டு, செல்போன் எல்லாத்தையும் தட்டுல வைக்கச் சொல்லுவாக. வச்சிருங்க. உள்ள போயிட்டு போன் பண்ணுங்க."

வரிசை சின்னதுதான். பை மெசினுக்குள் போய் வெளியே வந்தது. அதை எடுக்கக் கை நீட்டியபோது ஒரு ஜவான் தடுத்தான். சின்ன வயசு, வடக்கத்திப் பையன், கொஞ்சம் தமிழ் பேசினான். ஒரு சின்னத் துணியால் முத்துக்கருப்பனின் உள்ளங்கையைத் துடைத்தான். பிறகு பையின் வாயையும் பிடியையும் துடைத்தான். துணியை ஒரு சோதனைப் பெட்டியில் செருகினான்.

பெட்டி சிவப்பாக எரிந்து கீச்சென்று கத்தியது.

ஜவான் புதுத் துணி எடுத்து மறுபடியும் துடைத்தான். மறுபடியும் சிவப்பு. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன வச்சிருக்கு?" என்றான் ஜவான்.

"ஒண்ணுமில்ல சார். மருந்து ஒட்டியிருக்கும்."

"மருந்து? மெடிசின்?"

"அந்த மருந்து இல்ல சார். பட்டாசு மருந்து."

பட்டாசு என்ற வார்த்தை அவனுக்குப் புரிந்துவிட்டது. முத்துக்கருப்பனைச் சுற்றி இரண்டு பேர் வந்து நின்றார்கள். பையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவரை ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். செல்போனை வாங்கிக்கொண்டார்கள். அடித்தால் எடுக்க முடியாதே என்று அவர் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பொறுப்பிலிருந்த இன்ஸ்பெக்டர் பெயர் கற்பகவல்லி. நாற்பது வயதிருக்கும். காக்கியில் கஞ்சி மொடமொடவென்று நின்றது. வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு?"

"நாரணாபுரம். சிவகாசிக்குப் பக்கம்."

"என்ன வேலை?"

"பட்டாசு ஆலையில போர்மேன். காலையில வேலைக்குப் போயி, அங்கயிருந்துதாம்மா கிளம்பி வாரேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன்."

எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று கேட்டார். முத்துக்கருப்பன் சொன்னார். கற்பகவல்லி அவருடைய போனையே எடுத்து அன்பரசனுக்கு அடித்தார், ஆஸ்பத்திரி நம்பரை வாங்கினார், அங்கே பேசினார். பேசி முடித்தபோது அவர் முகம் மாறியிருந்தது. ஏர்லைன்ஸ் பெண் ஒருத்தி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசி அழைப்பு ஸ்பீக்கரில் முத்துக்கருப்பன் பேரையும் சேர்த்துச் சொன்னது. தன் பேரை அப்படி ஒரு குரல் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

"எனக்கு அருப்புக்கோட்டை" என்றார் கற்பகவல்லி. "எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுல எல்லாரும் சிவகாசி வேலைக்குத்தான் போவாக. அவுக வீட்டுத் தண்ணிக் குடத்தத் தொட்டாலே இந்த மெசின் கத்தும்." ஜவானைப் பார்த்துத் திரும்பினார். இந்தியில் சொன்னதை முத்துக்கருப்பனுக்காகத் தமிழிலும் சொன்னார். "தொழில் அது. கையில ஒட்டத்தான் செய்யும். ஆளை முழுசாச் சோதிச்சாச்சு. பைய ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டு அனுப்பிருங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

முத்துக்கருப்பன் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஜவான் பையைக் கவிழ்த்தான். வேட்டி, சட்டை, சாதப் பொட்டலம். காலிப் பையைத் தடவினான். உள்பக்கம் அடியில் ஒரு ஜிப் இருந்தது. பாதியில் சிக்கிக்கொண்டு நின்ற பழைய ஜிப். அதற்குள் விரலை விட்டு எதையோ இழுத்தான். தினசரித் தாளில் சுற்றிய ஒரு சுருள். அதைப் பிரித்தான். பச்சை நிறத்தில், ஒரு விரல் நீளத்துக்குத் திரி.

முத்துக்கருப்பனுக்கு அது எந்தத் திரி என்று உடனே தெரிந்துவிட்டது. போன வாரம் வந்த திரிக் கட்டு சரியில்லை, வேகமாக எரிகிறது என்று பெண்கள் சொன்னார்கள். முதலாளியிடம் காட்டலாம் என்று அவர்தான் ஒரு துண்டு வெட்டித் தாளில் சுற்றி வைத்தார். முதலாளி ஊரில் இல்லை. அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துண்டு பையிலேயே கிடந்துவிட்டது. ஆலையிலிருந்து ஒரு தாள் குழாயைக்கூட யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் நின்று பை பையாகச் சோதிக்கிறவர் அவர். அவர் பையை யாரும் சோதிக்கிறதில்லை.

கற்பகவல்லி அந்தத் துண்டைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"இதுவும் கையில ஒட்டுனதா?"

"இல்லம்மா." முத்துக்கருப்பன் கும்பிட்ட கையை இறக்கினார். "காட்டுறதுக்கு எடுத்து வச்சது. மறந்துபோச்சு."

"பைய பிரிக்காம ஏத்திவிடுங்கன்னு சொல்ல இருந்தேன்" என்றார் அவர். யாரிடமும் சொல்லாதது போல இருந்தது அது. "நேரமில்லையேன்னு நெனச்சேன்."

"ஒரு விரல் நீளந்தாம்மா. தீ வச்சாத்தான் எரியும். இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. அந்தப் பொண்ணு..."

"எனக்கும் தெரியும். இது மட்டுந்தான் கொண்டுவந்தீகன்னு எனக்கு யாரு சொல்லுவா? நீங்க சொல்லுவீக. பையில ஒண்ணுமில்லன்னும் நீங்கதான சொன்னீக."

முத்துக்கருப்பனுக்குக் காலையில் மாரிச்செல்வி கேட்ட கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. கற்பகவல்லியின் நாற்காலியில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். இந்தத் துண்டோடு வந்தவன் எத்தனை நல்லவனாக இருந்தாலும் உள்ளே விட்டிருக்க மாட்டார். அது தெரிந்ததால் அவரால் கெஞ்சவும் முடியவில்லை.

ஏர்லைன்ஸ் பெண் மூன்றாம் தரம் வந்தாள். கற்பகவல்லி தலையை அசைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அப்பால் விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.

*

திரி கிடைத்துவிட்டால் விசயம் போலீசுக்குப் போக வேண்டும். பக்கத்து ஸ்டேசனிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் கண்ணுச்சாமி வந்தார். ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில் இருந்தவர். திரியைப் பார்த்தார், முத்துக்கருப்பனைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். விவரம் தெரிந்து அன்பரசனும் அங்கே வந்து சேர்ந்திருந்தான். அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சார், அவரு தீவிரவாதியா சார்? பட்டாசுக்காரர் பையில திரி இல்லாம வேற என்ன சார் இருக்கும்? அங்க ஒரு உசுரு போயிக்கிட்டு இருக்கு, நீங்க இங்க பக்கம் பக்கமா எழுதிக்கிட்டு இருக்கீக."

"அன்பு, சும்மா இரு" என்றார் முத்துக்கருப்பன்.

"என்னண்ணே சும்மா இரு? கொஞ்சமாவது புத்திய உபயோகிக்க வேண்டாமா இவுக? மெசினு கத்துனா ஆள அப்படியே..."

"மெசினு கத்துனப்ப என்னைய அனுப்பத்தான் பாத்தாக. திரி எம் பையிலதாம்லே இருந்துச்சு."

அன்பரசனின் போன் அடித்தது. ஐதராபாத். எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முதலில் பேசியது கற்பகவல்லிதான். "ரத்தத்த இங்கயே எடுத்து அனுப்ப முடியாதா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அவர ஏத்த முடியாது. ரத்தத்த ஏத்தலாம்ல? சாயங்காலம் இன்னொரு ப்ளைட் இருக்கு."

அன்பரசன் உடனே போனை எடுத்தான். ஐதராபாத் டாக்டரிடம் கேட்டான். முடியும், ஆனால் முறையான ரத்த வங்கியில் எடுத்து, சோதனை எல்லாம் முடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஒருவர் கையோடு கொண்டுவர வேண்டும். ஆளே நேரில் வந்தால் சீக்கிரம் என்றுதான் முதலில் அப்படிக் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். மதுரையில் தனக்குத் தெரிந்த ரத்த வங்கிக்கு அடுத்த போன் போட்டான் அன்பரசன்.

கண்ணுச்சாமி பேனாவை மூடினார். "அதெல்லாம் சரிம்மா. இவரு இப்ப என் பொறுப்புல இருக்காரு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கயிருந்து காணாமப் போயிட்டாருன்னு வைங்க. என் சர்வீஸே போச்சு. மேல கேட்டுச் சொல்றேன்." மேலே அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பார் என்றார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

ஐதராபாத்திலிருந்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தரம் டாக்டர் இல்லை. அந்தப் பெண்ணின் புருசன். அவன் பேசிய தெலுங்கு அங்கே யாருக்கும் முழுசாகப் புரியவில்லை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறான் என்பது மட்டும் புரிந்தது.

"சார்" என்றார் கற்பகவல்லி. "அவர ஏத்தாதன்னு ரூல் சொல்லுது. நான் ஏத்தல. ஆளப் போலீஸ்ல ஒப்படைன்னு சொல்லுது. ஒப்படைச்சிட்டேன். அவருகிட்ட ரத்தம் எடுக்காதன்னு எந்த ரூல்ல இருக்கு? ரெண்டு கான்ஸ்டபிள் கூடப் போகட்டும். இவரு எங்கயும் ஓட மாட்டாரு. எழுதித் தரணும்னா நான் எழுதித் தாரேன்."

கண்ணுச்சாமி கழற்றிவைத்திருந்த தொப்பியை எடுத்து மாட்டினார். "எழுதவெல்லாம் வேண்டாம்" என்றார். "நானே கூடப் போறேன். அம்புட்டுத்தான். வாய்யா, கெளம்பு."

*

ரத்த வங்கியில் கீர்த்திகா என்கிற டெக்னீசியன் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். கண்ணுச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஊசி ஏறியதும் முத்துக்கருப்பன் கேட்டார்.

"ரெண்டு பாட்டிலா எடுத்துக்கம்மா. எனக்கு ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணுக்கு மேல எடுக்கக் கூடாதுய்யா."

"அங்க சாகக் கெடக்குறாக தாயி. நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"உங்களுக்கு நாளைக்கு ஏதாவது ஆனா, ஏத்துறதுக்கு உங்க ரத்தம் எங்ககிட்ட இல்லய்யா. எங்கயுமே இல்ல." அவள் குழாயைச் சரிசெய்தாள். "கைய மூடி மூடித் தொறங்க."

அவர் கையை மூடித் திறந்தார். பை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. இது மதிய ப்ளைட்டிலேயே போயிருக்க வேண்டிய ரத்தம் என்பதைத் தவிர அவர் மனசில் வேறொன்றும் ஓடவில்லை.

சோதனை எல்லாம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்கிடையில் ஐதராபாத்திலிருந்து செய்தி வந்தது. இனிமேல் காத்திருக்க முடியாது என்று ஆபரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரத்தம் எப்போது வரும் என்று கேட்டார்கள். அன்பரசன் ப்ளைட் நேரத்தைச் சொன்னான்.

பெட்டியைத் தானே கொண்டுபோவதாக அன்பரசன் சொன்னான். போன் வழியாகக் கற்பகவல்லி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க அவரு கூடக் கார்ல வந்தீக, அந்தப் பையயும் தொட்டிருப்பீக. மறுபடி மெசின் கத்துனா இந்த ப்ளைட்டும் போயிரும்." கடைசியில் கீர்த்திகாவே போகிறேன் என்றாள். ரத்தம் எடுத்த நேரம் முழுக்கக் கையுறை போட்டிருந்தாள். போட்டிருந்த சுடிதாரை மாற்றிவிட்டு, தோழி ஒருத்தியின் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். பெட்டியை முத்துக்கருப்பன் கிட்டேயே கொண்டுவரவில்லை. அவரும் அதைத் தொடக் கேட்கவில்லை.

அன்பரசன் ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கீர்த்திகா பெட்டியை மெசினில் வைத்தாள். ஐஸ் பைகளால் படம் தெளிவாக விழவில்லை. கற்பகவல்லி மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். ரத்தப் பையைப் பார்த்தும் மூடச் சொல்லவில்லை. துணியை எடுத்துப் பெட்டியின் ஓரம், பிடி, கீர்த்திகாவின் உள்ளங்கை எல்லாவற்றையும் துடைத்தார். அதை அவர் ஜவானிடம் விடவில்லை. துணியைச் சோதனைப் பெட்டியில் செருகிவிட்டு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

பச்சை எரிந்தது. கற்பகவல்லி ஐஸ் பெட்டியை மூடி, தானே தூக்கிக்கொண்டு விமானத்தின் வாசல் வரைக்கும் கீர்த்திகாவோடு நடந்தார்.

*

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆபரேசன் தியேட்டரில் ரத்தப்போக்கை நிறுத்த வேறு வழியில்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் போன ரத்தம்தான் அதற்குப் பிறகு அவளை நிறுத்தி வைத்தது. மதிய ப்ளைட்டிலேயே வந்திருந்தால் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அன்பரசன் டாக்டரிடம் கேட்டான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதைச் சொல்லத் தனக்கு வழியில்லை என்று டாக்டர் சொன்னார். ஆண் குழந்தையாம்.

முத்துக்கருப்பன் மேல் வழக்குப் பதிவானது. ஆலையிலிருந்து திரி எப்படி வெளியே வந்தது என்று அதிகாரிகள் வந்து கேட்டார்கள். முதலாளி அவரைப் போர்மேன் வேலையிலிருந்து இறக்கி, பேக்கிங் பக்கம் போகச் சொல்லிவிட்டார். கேட்டில் இப்போது அவருடைய பையையும் திறந்து பார்க்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகுமீனாதான் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்திருந்தா அனுப்பியிருப்பா. திரிய வாங்கிக் குப்பையில போட்டுட்டு ஆள அனுப்பியிருக்கலாம்ல?"

"அவுக செஞ்சது சரிதான்."

"அப்ப அந்தப் பொண்ணுக்கு இனி புள்ளை கெடையாதே, அதுவும் சரியா?"

முத்துக்கருப்பன் அந்தப் பேச்சு எழுந்த ஒவ்வொரு தரமும் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் ஆரம்பித்த பிறகு ஒருநாள் விசாரணைக்காக ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கற்பகவல்லியும் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். சாதாரணச் சேலையில் இருந்ததால் முத்துக்கருப்பனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. இருவரும் வராந்தாவில் தூறலுக்கு ஒதுங்கி நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்காக?"

"வீட்டுக்கு வந்துட்டாகளாம். போன்ல பேசுனாக. எனக்கு ஒண்ணும் புரியல. அழுதாக."

கற்பகவல்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "போன மாசம் ஒருத்தர் வந்தாரு. வெம்பக்கோட்டைப் பக்கம். வயசானவரு. அவரு மகன் துபாய்ல இறந்துபோயிட்டான், உடம்பு டெல்லி வழியா வருது, அங்க போய் வாங்கணும்னு கெளம்பியிருக்காரு. மெசின் கத்துச்சு."

"பையில ஏதும்?"

"ஒண்ணுமில்ல. துருவித் துருவிப் பாத்தேன். செருப்பக்கூட அறுத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல. முன்னாடியா இருந்தா அனுப்பியிருப்பேன். கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்தேன். உங்க திரி வந்து கண்ணுக்குள்ள நின்னுச்சு. அனுப்பல. மறுநாள் ப்ளைட்டுக்கு வாங்கன்னுட்டேன்."

முத்துக்கருப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அவர விட்டிருக்கணும்மா."

"தெரியும்."

"பையிலதான் ஒண்ணுமில்லைல்ல. விட்டிருக்கணும்."

"தெரியும்" என்றார் மறுபடியும். "வீட்டுக்குப் போனதும் தெரிஞ்சது."

உள்ளேயிருந்து கண்ணுச்சாமி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். முத்துக்கருப்பன் நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. வராந்தாவில் யாரும் இல்லை.